தண்ணீர் வராத நாட்களும் காய்ச்சல் வரும் நாட்களும்

ராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினம் தொடங்கி வாலிநோக்கம் வரை எந்த ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும், அந்த வீட்டார் தண்ணீருக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பாத்திரங்களே முதலில் கண்ணில் படும். திண்ணை ஓரத்தில் நீல நிற பிளாஸ்டிக் டிரம், அதையொட்டி ஏழெட்டுக் குடங்கள், கொல்லையில் பாசி படிந்த சிமெண்ட் தொட்டி, மாடி வீடாக இருந்தால் மேலே சின்டெக்ஸ், வாசலில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதற்கான நான்கு சக்கரத் தள்ளுவண்டி. இந்தக் கடற்கரையில் தொற்றுநோய்த் தடுப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் மருத்துவமனையை விட்டுவிட்டு இந்த டிரம்மிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

கொசு என்றால் மழையும் சாக்கடையும் நினைவுக்கு வருவது பொதுவான வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் மாவட்டத்தில் மலேரியாவும் டெங்குவும் எப்படி நிலைத்தன என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ் இனக் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்பும், இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ், டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி ஆகிய இரண்டுக்கும் வேண்டியது தெளிந்த தண்ணீர். மழை குறைந்த ஊரில் தெளிந்த தண்ணீர் எங்கே இருக்கும்? மக்கள் சேர்த்து வைத்த இடத்தில்தான் இருக்கும். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையே நம்ப வேண்டியிருக்கிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய் வழியே அவ்வளவு தூரம் வரும் அந்தத் தண்ணீர் கடைசி ஊர்களுக்கு நாள் விட்டுத்தான் கிடைக்கிறது. கோடையில் இடைவெளி இன்னும் நீளும். லாரித் தண்ணீரைக் குடம் இத்தனை ரூபாய் என்று காசு கொடுத்து வாங்குகிற குடும்பம் அதை ஒரு சொட்டும் வீணாக்காமல் அடுத்த லோடு வரும் வரை பிடித்து வைக்கும்.

கொசுவின் கணக்கும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் அமைகிறது. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரத்துக்கு ஒருமுறை பாத்திரங்களைக் காலி செய்து கழுவச் சொல்லும் சுகாதாரத் துறையின் அறிவுரை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. தண்ணீர் தினமும் வருகிற ஊரில் அதைச் செய்வது எளிது. நாள் கணக்காகத் தண்ணீர் வராத ஊரில், பாதி டிரம் நிறைந்திருக்கும்போது அதைக் கவிழ்க்கச் சொன்னால் எந்தப் பெண்மணியும் கேட்கமாட்டார். கேட்காததில் அறியாமை ஒன்றும் இல்லை. பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்து நிரப்புவதால் டிரம் மாதக்கணக்கில் வெறுமையாவதே இல்லை.

அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மூடியைத் திறந்தவுடன் எட்டிப் பார்த்தால் தண்ணீர் சுத்தமாக இருப்பது போலத்தான் தோன்றும். நம் நிழல் விழுந்ததும் புழுக்கள் அடியில் போய் ஒளிந்துகொள்கின்றன. இரண்டு, மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுவிட ஒவ்வொன்றாக மேலே வரும். ஏடிஸ் புழு வால் பக்கத்துக் குழலை நீர்மட்டத்தில் பதித்துத் தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது, ஆகையால் நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தாற்போல மிதக்கும். கள ஆய்வுக்கு வருகிறவர்கள் வெள்ளை நிறக் கரண்டியில் தண்ணீரை மொண்டு பார்ப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். வெள்ளைப் பின்னணியில் புழு தப்ப முடியாது.

முட்டையிலும் இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு, தடுப்பு முறையே அதனால் மாறுகிறது. அனாஃபிலிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரின் மேல் ஒவ்வொன்றாக மிதக்க விடும்; தண்ணீரைக் கொட்டினால் முட்டையும் போய்விடும். ஏடிஸ் அப்படிச் செய்வதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் கரிய புள்ளிகளாக ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் நிரம்பி அதைத் தொட்டவுடன் பொரிந்துவிடும். கோடை முழுக்க வெறும் டிரம்மாகக் கவிழ்ந்து கிடந்த ஒன்றை முதல் மழையில் பிடித்து வைத்த வீட்டில் பத்தாம் நாள் கொசு பறப்பது இதனால்தான். ஆகவே டெங்குவுக்குத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். சுவரொட்டிகளில் "காலி செய்யுங்கள்" என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். "தேய்த்துக் கழுவுங்கள்" என்பது அதற்கடியில் சிறிய எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

மலேரியாவைப் பொறுத்தவரை ராமேஸ்வரம் தீவுக்குத் தனிக் கதை உண்டு. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக இந்நோய்க்கு நீண்ட காலம் பெயர்பெற்றிருந்த இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. இங்கே இரண்டு வகை அனாஃபிலிஸ் கொசுக்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கிணறு, மேல்நிலைத் தொட்டி, வீட்டுத் தொட்டி ஆகியவற்றில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி நகரத்துக் கொசு. மற்றொன்று கிராமத்துக் கொசுவான அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். வயலும் வாய்க்காலும் இல்லாத மணல் தீவில் இந்தக் கிராமத்துக் கொசு எங்கே பெருகியது என்று தேடிய கள ஆய்வுகள் சவுக்குத் தோப்புகளில் போய் நின்றன. மணலை இடுப்பளவு தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் நிலம் அது. சவுக்குக் கன்றுகளுக்குக் குடத்தில் மொண்டு ஊற்றுவதற்கு வசதியாகத் தோப்புக்குள் ஆங்காங்கே ஊற்றுக் குழிகளைத் தோண்டி விடுவார்கள். கன்று மரமான பிறகு குழியை யாரும் தூர்ப்பதில்லை. நிழலும் தெளிந்த நன்னீரும் உள்ள அந்தக் குழிகளைவிட ஏற்ற இடம் அந்தக் கொசுவுக்குக் கிடைக்காது. உப்பு நிலத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக மனிதன் தோண்டியதே நோய்க்கும் ஊற்றாகியிருக்கிறது.

வறட்சியும் மலேரியாவைக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1934-35இல் இலங்கையில் பருவமழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் நின்று மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் இதே கியூலிசிஃபேசிஸ் கொசு பெருகியது. சில மாதங்களில் சுமார் 80,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். ஓடுகிற ஆற்றில் வளர முடியாத புழுவுக்கு நின்றுபோன ஆறு வீடாயிற்று.

அந்தக் காலத்தில் இரண்டு கரைகளும் இன்றைக்கு இருப்பதைவிட நெருக்கமாக இருந்தன. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலைநாடு வரை நடந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தோட்டத்துக்கு நோய் வந்துவிடக் கூடாது என்ற கவலையில், இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, பாம்பனுக்கு இக்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில், ஒரு தனிமைப்படுத்தும் முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகே ரயிலேற்றப்பட்டார்கள். அடுத்தவன் நாட்டு எல்லைக்குள் தன் நோய்க்காவலை நிறுவிய அந்த ஏற்பாட்டில் மனிதர்மேல் இருந்த அக்கறையைவிடத் தோட்டத்துக் கூலிக் கணக்கின் மேல் இருந்த அக்கறையே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரார் இன்றைக்கும் அந்த இடத்தை மண்டபம் கேம்ப் என்றே அழைக்கிறார்கள். 1949இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அங்கு வந்தது. 1971இல் அது கொச்சிக்கு மாறியது. 1983க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ் அகதிகளும் அதே மண்டபத்தில்தான் முதலில் தங்க வைக்கப்பட்டார்கள். நூறு ஆண்டுகளில் இரு திசைகளிலும் மக்கள் கடந்த வாசல் அது; காய்ச்சலும் அவர்களோடு கடந்தது.

கண்காணிப்பு என்ற சொல்லின் பொருளை இலங்கைக் கரையின் பிற்கால வரலாறு நன்றாகவே காட்டுகிறது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்ததால் 1963இல் இலங்கை முழுவதும் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை வெறும் 17ஆகக் குறைந்தது. நோய் போய்விட்டது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1968-69இல் நோயாளிகள் ஐந்து லட்சத்தை எட்டினார்கள். இந்தியாவும் இதே பாடத்தைப் படித்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம் என்று போய், 1961இல் ஆண்டுக்குச் சுமார் 50,000 நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. 1976இல் அது 64 லட்சமாக ஏறியது. டிடிடிக்குக் கொசு பழகிக்கொண்டது ஒரு காரணம். எண்ணிக்கை குறைந்தவுடன் எண்ணுவதை நிறுத்தியது மற்றொரு காரணம். இலங்கை இரண்டாம் முறை அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, அவர் எங்கே போய்வந்தார், யாரோடு இருந்தார், சுற்றி எந்தக் கிணற்றில் கொசு இருக்கிறது என்று விசாரித்தார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலையில், 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

சான்றளித்த சுமார் மூன்று மாதத்தில், 2016 டிசம்பரில், மன்னாரில் உள்ள கிணறுகளில் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நம் கரையில் காலங்காலமாக இருக்கும் அதே நகரத்துக் கொசு. கொசு மட்டும் இருந்தால் நோய் வராது. ரத்தத்தில் கிருமியோடு ஒருவர் வந்து சேர வேண்டும். ஆனால் அவர் வந்து சேர்ந்தால் அதற்குப் பிறகு மலேரியா நகரத்துக்குள்ளேயே சுற்றத் தொடங்கும். ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இந்தக் கொசு 2012இல் நுழைந்த பிறகு, ஏறத்தாழ ஒழிந்திருந்த மலேரியா மறுபடி பெருகியது. ஆகவே ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஒரு கிணற்றுக்கு வலை போடுவது தங்கச்சிமடத்தின் வேலை மட்டும் ஆகாது.

இந்தியாவும் 2027க்குள் உள்நாட்டுத் தொற்றே இல்லாத நிலையை எட்டி, 2030இல் ஒழிப்புச் சான்று பெறுவது என்று இலக்கு வைத்திருக்கிறது. இதற்கான கண்காணிப்பு இரண்டு வழியில் நடக்கிறது. காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது ஒன்று; பணியாளர்கள் வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சலா என்று விசாரித்து ஸ்லைடு எடுப்பது மற்றொன்று. விரலில் குத்தி ஒரு சொட்டை அடர்த்தியாகவும் இன்னொரு சொட்டை மெலிதாகவும் கண்ணாடியில் தடவி எடுக்கிறார்கள். அடர்த்தியான தடவலில் கிருமி இருக்கிறதா என்பது தெரியும்; மெலிதான தடவலில் அது எந்த வகை என்பது தெரியும். உடனடிப் பரிசோதனைப் பட்டை இருந்தால் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். ஆண்டுக்கு நூறு பேரில் பத்துப் பேரிடமாவது ரத்தம் பார்த்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல். பார்க்காமல் விட்டால் நோயாளி எண்ணிக்கை தானாகவே குறைவாகத் தெரியும். ஆகவே எந்த ஊரிலாவது மலேரியா குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தால், அந்த ஊரில் எத்தனை ஸ்லைடு எடுத்தார்கள் என்று முதலில் கேட்பது நல்லது.

வீடு வீடாகப் போகும் இந்த முறை விவசாயக் கிராமத்துக்கு வகுக்கப்பட்டது. மீனவர் குடியிருப்பில் நாளின் ஒழுங்கே வேறு. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய், மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. பகல் பத்து மணிக்குப் பணியாளர் வரும்போது ஆண்கள் கடலில் இருப்பார்கள் அல்லது இரவெல்லாம் கண்விழித்துவிட்டு அசந்து தூங்குவார்கள். வீட்டில் இருக்கும் பெண்களும் குழந்தைகளும் ரத்தம் கொடுக்க, கொசுக்கடிக்கு மிகுதியாக ஆளாகும் ஆண்கள் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். புழுக்கமான இரவுகளில் அவர்கள் வீட்டுக்குள் படுப்பதும் இல்லை; கடற்கரை மணலிலோ படகின் மேலோதான் படுக்கை. வீட்டுச் சுவரில் மருந்து தெளித்துக் கொசுவைக் கொல்லும் திட்டத்தால் அவர்களுக்கு என்ன பயன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிலைமை இன்னும் மாறுகிறது. கையில் வேலை இல்லாமல் மேற்குக் கரைக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. நகர மலேரியாவுக்குப் பெயர்பெற்ற மங்களூர் போன்ற துறைமுக ஊர்களில் வேலை பார்த்துத் திரும்பும் ஒருவரின் ரத்தத்தில் கிருமி இருந்தால், ஊரில் கிணற்றுக் கொசு அவருக்காகக் காத்திருக்கிறது. தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் அந்த ஜூன் வாரத்தில், டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே ஒரு மேசை போட்டு ரத்தம் பார்த்தால், வீடு வீடாக அலைந்து தேடுவதைவிட நிறையப் பேரைப் பிடிக்கலாம் என்பது என் கருத்து.

கண்டுபிடித்த பிறகு குணப்படுத்துவது எளிது என்றுதான் தோன்றும். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும், அதோடு பதினான்கு நாள் பிரைமாகுயினும் தருகிறார்கள். முதல் மருந்து ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். குளிரும் நடுக்கமும் மூன்றாம் நாளே நின்றுவிடும். கல்லீரலில் ஒளிந்து உறங்கும் கிருமியை அது தொடாது. உறங்கும் கிருமியை அழிப்பதற்குத்தான் இரண்டாவது மருந்து. காய்ச்சல் விட்ட நான்காம் நாள் டோக்கன் நாளாக இருந்தால் மீனவர் கடலுக்குப் போய்விடுவார், மாத்திரை அட்டை வீட்டு மாடத்தில் கிடக்கும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிடித்து இழுக்கும் என்பதும் அதைத் தள்ளிப்போட ஒரு காரணம். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் காய்ச்சல் திரும்பும்போது புதிதாகக் கொசு கடித்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஃபால்சிபாரம் வகைக்குச் சிகிச்சை வேறு, அவசரமும் வேறு. அது மூளையைத் தாக்கும், தாமதித்தால் உயிரைக் கொண்டுபோகும். பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தரக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால், மருந்து சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அட்டையை வாங்கிப் போடும் பழக்கம் ஆபத்தாவது இந்த இடத்தில்தான்.

டெங்குவுக்கு இப்படிக் கிருமியைக் கொல்லும் மருந்தே கிடையாது. கிடையாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான் குடும்பங்களுக்குக் கடினமாக இருக்கிறது. "ஒரு ஊசி போட்டா விட்ரும்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி ஊசி, டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபனும் அப்படியே. பாரசிட்டமாலும் நிறைய நீராகாரமும் போதும்: கஞ்சி, இளநீர், மோர், உப்பு-சர்க்கரைக் கரைசல். முதல் ஐந்து நாட்களுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா என்று நாளுக்கேற்ற சோதனையைச் செய்தால்தான் விடை சரியாக இருக்கும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் உண்மையில் கவனிக்க வேண்டிய நாள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் சூடு தணிந்து, வீட்டார் நிம்மதியடையும் அதே வேளையில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். தட்டணு எண்ணிக்கையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்ற எண்ணே மருத்துவருக்கு அதைவிட முக்கியம்.

தண்ணீரைச் சேர்த்து வைப்பதால் வருவது கொசு மட்டும் அன்று. குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் வருவதே வயிற்றுப்போக்குக்கு வழி திறக்கிறது. தண்ணீர் ஓடும் வரை குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியேதான் கசியும். தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசலைச் சுற்றித் தேங்கிய அழுக்கை அதே குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுக் குழாயில் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் இந்த இழுப்பை இரட்டிப்பாக்குகிறது. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து அனுப்பினாலும், கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். டிரம்மில் நாட்கணக்கில் கிடக்கும்போது அந்த மிச்சமும் தீர்ந்துவிடும். பிறகு அதற்குள் கையோடு செம்பை விட்டு மொள்ளும் ஒவ்வொரு முறையும் அழுக்கு சேரும்.

காலராவுக்குக் கடலோரத்தில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அதன் கிருமி கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு தானாகவே வாழக்கூடியது. 1992 கடைசியில் ஓ139 என்ற புதிய காலரா வகை முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில். அங்கிருந்து அது வங்கக்கடல் ஓரமாக வங்காளம் வரை பரவியது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் கூடும் கூட்டம், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வரும் கூட்டம் ஆகியவற்றின்போது குளோரின் அளவைப் பார்ப்பதும் தற்காலிகக் கழிப்பறை அமைப்பதும் சம்பிரதாய வேலைகளாகத் தெரியலாம். யாத்திரை வழிகளில் காலரா மனிதர்களை வாரிக்கொண்டு போன காலத்தின் நினைவு அந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியபோது திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியது.

சிகிச்சையில் 1971 ஒரு திருப்பம். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நெருக்கடியில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவுக்கு இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இன்று அந்தப் பொட்டலம் எல்லாத் துணை சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. கரைசல் கடுத்துப்போனால் போக்கு கூடும். குழந்தைக்கு அதோடு பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும்.

புகை அடிக்கும் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் காய்ச்சல் செய்தி வந்ததும் மக்கள் முதலில் கேட்பது அதைத்தான். பறக்கும் கொசு அந்த நேரத்துக்குக் கொஞ்சம் சாகும். டிரம்மில் உள்ள புழு ஒன்றும் சாகாது, மறுநாள் அது கொசுவாகும். கடற்காற்று வீசும் ஊரில் பாதிப் புகை பனங்காட்டுப் பக்கம் போய்விடும். அதற்குச் செலவாகும் டீசலும் ஆட்கூலியும் டிரம்களுக்கு மூடி வாங்கவும், கைவிட்ட ஊற்றுக் குழிகளைத் தூர்க்கவும், கிணறுகளில் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடவும் போதும். டிரம்மில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வருகிறவர்களை வீட்டார் பல நேரம் தடுக்கிறார்கள், குடிக்கிற தண்ணீராயிற்றே என்று. சரியான அளவில் அது குடிநீருக்கும் ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாடையை எப்படிச் சகிப்பது என்று கேட்கிறவரிடம் இந்த விளக்கம் எடுபடாது, மூடி எடுபடும்.

இன்னொன்றும் செய்யலாம், செலவே இல்லாமல். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் திறந்துவிடப்படும் என்பது குடிநீர்ப் பணியாளருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த அட்டவணை சுகாதார ஆய்வாளர் கைக்கும் போனால், தண்ணீர் வருவதற்கு முந்தைய நாள் மாலை, டிரம்மில் தண்ணீர் அடியில் ஒரு சாண் மட்டும் இருக்கும் நேரத்தில், தெருவுக்குள் போய்த் தேய்த்துக் கழுவச் சொல்லலாம். அன்றைக்குச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். இப்போது இரண்டு துறைகளும் ஒரே டிரம்மை இருவேறு நாட்களில் பார்க்கின்றன.

மூடி இல்லாத வீடுகளில் பழைய வேட்டியையோ சேலையையோ டிரம்மின் வாயில் கட்டி வைப்பதைப் பார்க்கிறோம். சேலைத் துணிக்கு மதிப்பு உண்டு. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து அதில் தண்ணீரை வடிகட்டியபோது காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கிருமி ஒட்டியிருக்கும் மிதவை உயிரிகள் மடிப்பில் தங்கிவிட்டன. ஆனால் டிரம்மின் வாயில் தளர்வாகக் கட்டிய துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், நனைந்த துணியின் மேலேயே ஏடிஸ் வந்து முட்டையிடும். துணியை இழுத்துப் பிடித்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி, சைக்கிள் டியூபை வெட்டி எடுத்த ரப்பர் வளையத்தால் கட்டிவிட வேண்டும். தண்ணீர் பிடிக்கும் நாளில் அந்தத் துணியைக் கழற்றி வெயிலில் போட்டால், டிரம்மைத் தேய்த்து முடிப்பதற்குள் அது காய்ந்துவிடும்.